நான் எழுதிய ஜெபச் சீட்டு

என் தங்கை இறந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. எப்படி இறந்தாள் என்று கேட்கிறவர்களிடம் சுகர் என்று சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் போனால் என் ஊர் வந்ததும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவள் நான். எழுதுவது அப்படி இல்லை. எழுதும்போது எதிரே யார் முகமும் இருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நானும் தங்கையும் கச்சிராயபாளையத்தில், கோமுகி அணையிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டி, ஷீட்டுக் கூரை போட்ட ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் இருவர் வீட்டுக்காரரும் காலமாகிவிட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். தங்கை என்னைவிட ஏழு வயது சின்னவள். பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. கரும்பு வெட்டுக்குப் போனால் மேஸ்திரியே அவள் வாய்க்குப் பயந்து நடப்பார். கடையில் பேரம் பேசுவது, ஆபீசில் போய்க் கேட்பது, பஸ்ஸை நிறுத்தச் சொல்வது எல்லாம் அவள். கடிதம் வந்தால் படிப்பதும் மாத்திரை அட்டையைப் பார்ப்பதும் நான். அப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

எங்கள் ஜனத்தில் கிறிஸ்தவர்கள் அதிகம் இல்லை. அவள் வீட்டுக்காரர் இறந்த வருடத்தில் அவள்தான் முதலில் சபைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. வாய்க்கால் அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டு, துணி துவைத்த ஈரத்தோடு போய்ப் பின்னால் உட்கார்ந்தாளாம். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சபைதான். ஓலைக் கொட்டகையாக இருந்தது ஷீட்டு ஆனது, மண்தரை சிமெண்டு ஆனது. பாஸ்டர் வயதானவர். மெதுவாகப் பேசுவார். ஒரே வசனத்தை ஒரு மாதம் விளக்குவார்.

"நம்ம பாஸ்டரு பிரசங்கம் பண்ணா பேய் ஓடாதுக்கா, தூங்கிடும்" என்பாள் தங்கை. அதைப் பாஸ்டரம்மாவிடமே போய்ச் சொன்னவள் அவள். அந்த அம்மா சிரித்துவிட்டு, "நானே முப்பது வருசமா தூங்கிக்கினுதான் இருக்கறேன்" என்றார்.

தங்கைக்குச் சுகர் வந்து பன்னிரண்டு வருடம். கடைசி நாலு வருடம் மாத்திரை கேட்கவில்லை, இன்சுலின் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் கண் மங்கல். சிரிஞ்சில் கோடு தெரியாது. நர்சம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. ஒரு மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன சட்டி வைத்து, அதில் மருந்துப் பாட்டிலை வைப்போம். காலையில் ஒருமுறை, பொழுது சாய்ந்ததும் ஒருமுறை. வயிற்றில் தோலைக் கிள்ளிப் பிடித்து நான் போடுவேன். அவள் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

"சின்னதுல நான் ஒன்ன கிள்ளனதுக்கெல்லாம் இப்ப வட்டியோட தீத்துக்கறே."

"ஆடாம இருடி."

"நான் எங்க ஆடறேன். ஒன் கையி ஆடுது."

இதை அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் என் கை உண்மையிலேயே ஆடத் தொடங்கியிருந்தது. வயசு. ஒருநாள் ஊசி சறுக்கி ரத்தம் வந்தது. இன்னொரு நாள் சிரிஞ்சில் கோட்டைத் தாண்டி மருந்தை இழுத்துவிட்டு, குத்துவதற்குமுன் கடைசி நேரத்தில் பார்த்துப் பாட்டிலுக்கே திருப்பி விட்டேன்.  என் கையாலேயே இவளை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "குடு, நானே போட்டுக்கறேன்" என்று பிடுங்குவாள், கண் தெரியாமல் குத்திக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் தியாகதுருகம் பக்கத்தில் உபவாச ஜெபம் ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, பகல் முழுதும். நெல் குடோனாக இருந்த பெரிய கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வருவார். அவருக்குத் தீர்க்கதரிசன வரம் இருக்கிறது, பார்க்காமலே நம் பாரத்தைச் சொல்லிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் சபையில் பாதிப் பேர் போனார்கள். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களும் போனார்கள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மலைக்காரப் பெண்கள் விடியற்காலை பஸ் பிடித்து, கேழ்வரகுக் களியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். உபவாசம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மதியம் ஓரமாகக் குந்திச் சாப்பிடுவார்கள்.

வாசலில் ஒரு மேசை இருக்கும். ஆளுக்கு ஒரு சீட்டு தருவார்கள். பெயர், ஊர், உங்கள் பாரம் என்ன என்று எழுதி ஒரு வெள்ளைத் துணிப்பையில் போட வேண்டும். "இத்த யாரும் பிரிக்க மாட்டாங்க. அப்படியே ஐயா கைய வெச்சு ஜெபிப்பாரு" என்பார்கள். எழுதத் தெரியாதவர்கள்தான் அங்கே ஜாஸ்தி. யாரோ ஒருத்திக்கு நான் எழுதிக்கொடுத்தேன். பிறகு என்னைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். "எம்மா, எனக்கும் ரெண்டு வரி." அவர்கள் காதோரம் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். புருஷன் குடி, மருமகள் கோபித்துக்கொண்டு போனது, பூச்சி விழுந்த மரவள்ளி, தங்காத கர்ப்பம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆயுசில் முதல்தடவையாக, நான் வாய் திறக்காமலே என்னை நாலு பேர் தேடினார்கள்.

மூன்றாவது தடவை போனபோது தங்கை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எல்லாருக்கும் எழுதி முடித்துக் கையில் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அதில் எங்கள் ஊரை எழுதி, இப்படி எழுதினேன். என் தங்கைக்குத் தினமும் என் கையால் வயிற்றில் ஊசி போடுகிறேன், கை நடுங்குகிறது, அவளுக்குத் தெரியாமல் பயந்துகொண்டே போடுகிறேன், கர்த்தர் என் கைக்குப் பெலன் தரவேண்டும். மடித்துப் பையில் போட்டேன். அவள் சொம்போடு வந்தாள். சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தேன்.

மதியத்துக்கு மேல் ஊழியக்காரர் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பாட்டு அடங்கியது. "ஒரு அக்காளுடைய கையைப் பார்க்கிறேன்" என்றார். "கோமுகி அணைக்குப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு சகோதரிகள். அக்காள் தங்கச்சியின் வயிற்றில் ஊசி போடுகிறாள். பயந்துகொண்டே போடுகிறாள். தங்கச்சிக்கு அது தெரியாது. மகளே, கர்த்தர் சொல்லுகிறார், இன்று முதல் அந்தக் கைக்கு வேலையில்லை. அந்த ஊசிக்கும் வேலையில்லை. எழுந்திரு!"

தங்கை எழுந்துவிட்டாள்.  வாய் ஓயாமல் பேசுகிறவள், ஒரு வார்த்தை வராமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள்.

எனக்குத் தெரியும். அந்த நொடியிலேயே தெரியும். அது என் சீட்டு. நான் கைக்குப் பெலன் கேட்டேன், அவர் கைக்கு வேலையே இல்லை என்கிறார். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. ஆனால் அடுத்த நொடியில் என் மனசு வேறு பக்கம் சாய்ந்தது. பையை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றார்களே. கர்த்தருக்குப் படிக்கத் தெரியாதா என்ன. அவரே படித்து இவருக்குச் சொல்லியிருக்கலாமே. இப்படி நினைத்ததற்கு விசுவாசம் மட்டும் காரணம் இல்லை. இனி ஊசி போட வேண்டாம் என்று கேட்டதும் என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததைச் சந்தேகப்பட மனசு வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எக்கா, நெஜமா பயந்துகினா போடறே?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துக்குவே."

"பாத்தியா! எனக்கே சொல்லாதத அந்த மனுசனுக்கு யாரு சொன்னா? நீயா சொன்னே? நீ எங்க சொல்லப் போற, நீ கண்டக்டருகிட்ட டிக்கெட்டே கேக்க மாட்டே!" சத்தமாகச் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "இம்மாம் ஜனத்துல, ஆண்டவரு என்னதான்க்கா கூப்ட்டாரு. களை எடுக்கறவ, கையெழுத்துப் போடத் தெரியாதவ, என்ன!"

அவள் கேட்டாள். நீயா சொன்னே என்று வாய்விட்டுக் கேட்டாள். நான் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் முகத்தைப் பார்த்தேன். புருஷன் செத்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போலச் சிரிஞ்சை எடுத்தேன். அவள் புடவையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"வாணாங்க்கா."

"ரெண்டு நாள் போட்டுக்கினே பாக்கலாம்டி. ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிட்டு நிறுத்தலாம்."

"டெஸ்ட்டா? யாரு ஆண்டவர டெஸ்ட் பண்றது? ஒனக்கு விசுவாசம் கம்மிக்கா. படிச்சவ இல்லியா, அதான்."

மருந்துப் பாட்டிலை எடுத்துப் போய் வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தாள். வருகிற வழியில் கடையில் வெல்லம் வாங்கிவந்தாள்.

பத்து இருபது நாள் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது. உடம்பில் மிச்சம் இருந்த மருந்தோ என்னவோ, நன்றாகத்தான் நடமாடினாள். கொஞ்சம் தாகம் ஜாஸ்தி. அடுத்த மாதக் கூட்டத்தில் அவளைச் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வருசமா ஊசி குத்திக் குத்தி என் வவுறு சல்லடையா போச்சுங்க. கம்பு சலிக்கலாம், அப்பிடி. இப்ப ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. நேத்து மூணு அதிரசம் துன்னேன். நாலாவத எங்கக்கா பிடுங்கிடுச்சி."

கொட்டகையே சிரித்தது. அல்லேலூயா என்று கத்தினார்கள். ஊழியக்காரர் அவள் தலையில் கை வைத்து, "ஆஸ்பத்திரியில் போய்ச் சந்தேகத்தை வாங்கிக்கொண்டு வராதே மகளே" என்றார். எனக்கு அந்த வார்த்தை சரியாகப் படவில்லை. ஆனால் இனி எப்படிச் சொல்வேன். இத்தனை பேர் முன்னால் சாட்சி சொல்லிவிட்டாளே. நான் வாய் திறந்தால் என் தங்கையைப் பொய்க்காரி ஆக்கிவிடுவேனே. அன்றைக்கு நான் நினைத்தது இவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதம் ஒரு மலைக்காரப் பெண்ணுக்குச் சீட்டு எழுதினேன். அவளுக்கு இரண்டு மகன்கள். பெரியவன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய் எட்டு மாதமாகத் தகவல் இல்லை. சின்னவன் வீட்டில் இருக்கிறான். அவசரத்தில், கூட்டத்தில், நான் இளைய மகன் கேரளா போய் வரவில்லை என்று எழுதிவிட்டேன். பையில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சரி, கர்த்தருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

மதியம் மேடையிலிருந்து சத்தம் வந்தது. "மலையிலிருந்து வந்த ஒரு தாய். உன் இளைய மகன் தூரதேசத்தில் இருக்கிறான். அவனைச் சுற்றி ஒரு இருளைக் காண்கிறேன்."

அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, போனது பெரியவன். சின்னவன் வூட்லதான கீறான்? சின்னவனுக்கும் இன்னாவோ வரப்போவுதா? நான் அவன தனியா உட்டுட்டு வந்துட்டேனே!"

"இல்லம்மா" என்றேன். "நான்தான் மாத்தி எழுதிட்டேன். பெரியவன்னு எழுதறதுக்கு பதிலா."

அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீ எழுதினது அவருக்கு எப்பிடிம்மா தெரியும்? பைய யாரும் பிரிக்கலியே."

கூட்டம் முடியும்வரை அவள் நிற்கவில்லை. சின்னவனைப் பார்க்க வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் என் தப்பை அப்படியே திருப்பிச் சொல்ல மாட்டார். அவருக்கு அந்தப் பையன்களில் யார் பெரியவன், யார் சின்னவன் என்று தெரியும். இனி எனக்குச் சாக்கு இல்லை.

பிசாசு என்றால் பயமுறுத்திக்கொண்டு வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது என் கையெழுத்தில் வந்தது. நான் ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தது. யார் வந்து கர்த்தர் சொன்னார் என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பாஸ்டர் அந்த மெதுவான குரலில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பெரிய பெரிய கள்ள உபதேசக்காரர்களுக்கான பேச்சு, நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்த சோதனை சின்னது. இது வேறு யாருக்குத் தெரியும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பதிலும் என் கையிலேயே இருந்தது.

அந்த வாரம் தங்கை அறுவடை முடிந்த தோட்டத்தில் அடுப்பெரிக்கக் காய்ந்த கரும்புச் சோகை பொறுக்கப் போயிருந்தாள். வெட்டி விட்ட கரும்புக் கட்டை பாதத்தில் ஏறியிருக்கிறது. சுகரால் மரத்துப்போன காலில் அவளுக்கு உணர்வே இல்லை. மூன்று நாள் கழித்துத் தரையில் ஈரத் தடம் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். மஞ்சள் அரைத்துப் போட்டாள், எண்ணெய் பூசி ஜெபித்தாள். புண் கறுத்தது.

அவளிடம் நேராகச் சொல்லத் துணிவில்லாமல் நான் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்கால் கரை முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாஸ்டரம்மா டீ கொடுத்தார். பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னாம்மா, ஒடம்பு நல்லாக்கீதா? தங்கச்சிய சபையில காணமே" என்றார். உள்ளே யாரோ சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். "நல்லாக்கீறாங்க" என்றேன். டீயைக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு நாலாம் நாள் காலை தங்கை வாந்தி எடுத்தாள். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"வரமாட்டேங்க்கா. மைக்குல சொல்லியிருக்கறேன். இப்ப போய் ஊசி போட்டுக்கினா ஆண்டவர நான் பொய்யராக்கனதா ஆவும். செத்தாலும் வாணாம்."

அப்போதுதான் சொன்னேன். வீட்டில் நானும் அவளும் மட்டும். சீட்டு எழுதியதை, எதை எழுதினேன் என்பதை, மலைக்காரப் பெண்ணின் மகனை மாற்றி எழுதியதை, அவர் அதே தப்பைச் சொன்னதை. பஸ்ஸில் அவள் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் படுத்திருந்தாள். ஊசி போடும்போது பார்ப்பாளே, அதே மாதிரி. 

"அப்ப ஆண்டவரு என்ன கூப்படவே இல்லியாக்கா?" என்றாள்.

கால் போவதைப் பற்றிக் கேட்கவில்லை. பிழைப்பேனா என்று கேட்கவில்லை. அதைத்தான் கேட்டாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். 

"சரி, போலாம். வண்டிக்குச் சொல்லு" என்றாள். 108-க்கு நான் போன் செய்தேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரோடு சத்தமாகப் பேசியது அன்றுதான். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் ஊசியை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார், திட்டவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, பார்க்கிறோம் என்றார். அவள் மகள் மறுநாள் வந்து சேர்ந்தாள். மூன்று நாள் இருந்தாள் தங்கை. பேச்சு விட்டு விட்டு வந்தது. இரண்டாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "நீயாவது சொல்லேங்க்கா, கூப்ட்டாரா இல்லியா" என்றாள். பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நிஜம் எது என்றும் தெரியவில்லை. "தூங்குடி" என்றேன். மூன்றாம் நாள் மதியம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் அந்த ஊழியத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை. ஜெபம் செய்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு யாரும்மா கூட்டிக்கினு போனது? அங்கதான் அவங்க விசுவாசம் ஒடஞ்சிருக்கு. சுகம் கெடச்சத காத்துக்கல" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள்.

"சீட்ட நான்தான் எழுதினேன்" என்றேன். "அவரு படிச்சிட்டுதான் சொன்னாரு."

"துக்கத்துல பேசறீங்க. பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமா வார்த்தைய உடாதீங்கம்மா." எழுந்து போய்விட்டார். என் அண்ணிமுறை ஒருத்தி, "இந்த ஊமை எப்பருந்து பேச கத்துக்கிச்சி" என்று வெளியே போய்ச் சொன்னது காதில் விழுந்தது.

அந்த ஞாயிறு சபையில் பாஸ்டர், யாராவது சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டபோது எழுந்து நின்றேன்.  இங்கே எழுதியதைத்தான் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி "ஒண்ணியும் கேக்கலம்மா" என்று கத்தினாள். திரும்ப முதலிலிருந்து சொன்னேன். நடுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஒருத்தி போகும்போது, "தங்கச்சிய முழுங்கிட்டு கத சொல்லுது" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. நான் உட்கார்ந்தபோது ஒரு வயசான அம்மா தன் முந்தானையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு பாஸ்டரிடம் தங்கை கேட்டதைச் சொன்னேன். கர்த்தர் அவளைக் கூப்பிடவே இல்லையா என்று கேட்டாள் ஐயா, நான் பதில் சொல்லவில்லை என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாய்க்கால்ல துணி தொவச்சிக்கினு இருந்தவ, ஈரப் பொடவையோட வந்து அதோ அந்த மூலையில குந்தனா. யாரு போய் கூட்டிக்கினு வந்தது? நான் போவல. ஒருத்தரும் போவல. இருவது வருசம், மழைன்னு பாக்காம, வெட்டு வேலைன்னு பாக்காம வந்தா. அவளாவா வந்தான்னு நெனைக்கற?" என்றார்.

இவ்வளவுதான் பதில். என் வீட்டிலிருந்து நாலு வயல் தள்ளி, ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் கிடைத்திருக்கும். நான் அன்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளில் ஒரு போன் செய்திருந்தாலும் வந்து அவள் காதில் சொல்லியிருப்பார். அவள் அது தெரியாமலே போனாள். மேடையிலிருந்து வந்தது மட்டும்தான் தன்னைக் கூப்பிட்டது என்றும், அதுவும் பொய் என்றும் நினைத்துக்கொண்டு போனாள்.

போன இடத்தில் கர்த்தரே அவளிடம் சொல்லியிருப்பார் என்று பாஸ்டரம்மா சொல்கிறார். இருக்கலாம். நான் நம்புகிறேன். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியவள் நான்.